தரங்கம்பாடியும் திண்ணை வாத்தியாரும்

தமிழகத்துக்குச் செல்லும் நம் நாட்டுத் தமிழருள் பலர் திருக்கடையூருக்குப் போய்வருவர். அறுபது நிறைந்தோரும் எண்பது நிறைந்தோரும் அங்கே மீண்டும் மாலை மாற்றிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். என் தமையனாருக்கு அறுபது நிறைந்தபோது நாங்களும் குடும்பத்தோடு சிங்கப்பூர் வழியே திருச்சிக்குப் பறந்து, அங்கிருந்து காரில் திருக்கடையூர் சென்றோம். விழா நன்கு முடிந்தது. மறுநாள் அண்ணியார் பட்டு வாங்கக் கும்பகோணம் போகவேண்டும் என்றார். பட்டுக்கடையில் எனக்கென்ன வேலை? ஒரு ஆட்டோவை அமர்த்திக்கொண்டு, தெற்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரங்கம்பாடிக்குப் புறப்பட்டேன்.

டென்மார்க்கு, ஸ்வீடன் முதலிய வடபுல நாடுகளிலே கடலோரத்தில் அமைந்த பழஞ்சிற்றூர்களைப் பற்றிப் பயண நூல்களில் படித்திருக்கின்றேன். மதில் சூழ்ந்த சிறு நகரம், நேரிய இரண்டு மூன்று தெருக்கள், வெள்ளைச் சுவர் வீடுகள், ஒரு கோட்டை, ஒரு மாதாகோயில், அப்பால் குளிர்ந்த கடல் என அவற்றை வருணிப்பார்கள். அத்தகைய ஊர் ஒன்றைக் குளிர்ச்சட்டை இல்லாமலே, நெல்வயலும் தென்னந்தோப்பும் சூழத் தமிழ் மண்ணிலே காணலாம் என்றால் நம்பக் கூடுமோ? தரங்கம்பாடி அத்தகைய ஊர். 1620 முதல் 1845 வரை, இடையே ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, அது டேனியரின் ஊராய் இருந்தது.

நான் வேடிக்கை பார்க்க மட்டும் போகவில்லை. குளுவாங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருக்கின்றேன். இன்று எங்கள் பள்ளியில் இருபத்தொரு பிள்ளைகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் காலியாயின. மக்கள் பட்டணத்துப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். பள்ளியையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்விடலாம் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். மூன்று தலைமுறையாக நின்ற பள்ளியைப் பெயர்த்தெடுப்பது தகுமா என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். பள்ளி வாரியத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இதே பேச்சு. பள்ளி என்பது யாது? கட்டடமா, நிலமா, பிள்ளைகளா? இக்கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அந்த ஆட்டோவில் ஏறினேன்.

ஊரும் பெயரும்

நகர வாயிலின் வழியே ஊருக்குள் நுழைகின்றோம். இவ்வாயில் 1792இல் கட்டப்பெற்றது. டென்மார்க்கு அரசரின் முத்திரையை இன்றும் அதன் நெற்றியில் காணலாம். உள்ளே கால் வைத்ததும் சந்தடி அடங்கிவிடுகின்றது. அகன்ற ராஜ வீதி நேரே கடலை நோக்கிச் செல்கின்றது. அதன் இருமருங்கிலும் 1701இல் எழுந்த சீயோன் ஆலயம், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், தூண் வரிசையுடைய ஆளுநர் மாளிகை, பழைய பள்ளிக் கட்டடங்கள் ஆகியவை நிற்கின்றன. தெரு முடியுமிடத்தில் டான்ஸ்போர்க் கோட்டை. ஊரார் அதை டேனிஷ் கோட்டை என்றே சொல்லுகின்றனர்.

தரங்கம் என்றால் அலை. ஆகலின் அலைகள் பாடும் ஊர் தரங்கம்பாடி என்று விளக்குவார் பலர். சுற்றுலா விளம்பரங்களிலும் இதையே காண்கின்றோம். விளக்கம் செவிக்கு இனிதுதான். ஆனால் கடற்கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த அக்கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்று காணப்படுகின்றது. பாடி என்பது ஊரைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதை மாணவரும் அறிவர். சடங்கன்பாடியே நாளடைவில் தரங்கம்பாடி ஆயிற்று என்று கொள்வதே பொருத்தம். டேனியர் நாவில் அது டிராங்கேபார் ஆயிற்று. அலை பாடட்டும், ஆனால் ஊர்ப்பெயருக்கு அதைக் காரணமாக்க வேண்டியதில்லை.

அந்தக் கோயில் பட்ட பாடு பெரிது. கடல் சிறுகச் சிறுக நிலத்தைத் தின்றதனால் முன்பகுதிகள் அலைவாய்ப்பட்டு அழிந்தன. எஞ்சிய பகுதியையும் காப்பதற்காகக் கரையில் கருங்கற்களைக் குவித்திருக்கின்றனர். அண்மைக் காலத்தில் திருப்பணியும் நடந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்து மீனவர் குடியிருப்புகளை வாரிக்கொண்டு போன கொடுமை நாம் அறியாததன்று. அன்று கெடாவிலும் பினாங்கிலும் நம் கரைகளையும் அதே அலை தாக்கிற்று.

டேனியர் வந்த கதை

டேனியர் முதலில் நாடிவந்தது தமிழகத்தை அன்று, இலங்கையை. கண்டி அரசருக்குப் போர்த்துக்கீசியரை எதிர்க்கத் துணை வேண்டும் என்று ஒரு டச்சு வணிகர் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்தியானிடம் பேச, ஓவே யெடே என்னும் இளைஞரின் தலைமையில் 1618இல் கப்பல்கள் புறப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அலைகடலில் அல்லலுற்று 1620இல் அவை இலங்கையை அடைந்தபோது கண்டியில் அரசியல் காற்று வேறு பக்கம் வீசியது. கருதிய காரியம் கைகூடவில்லை. முன்னதாக வந்த கப்பலொன்றைப் போர்த்துக்கீசியர் காரைக்கால் கடலில் மூழ்கடித்தனர். அதில் உயிர்தப்பிய ரோலண்டு கிராப்பே என்பவர் தஞ்சைக்குச் சென்று இரகுநாத நாயக்கரின் நட்பைப் பெற்றிருந்தார். அந்நட்பினால் 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. பொன்னோலையில் எழுதி நாயக்கர் கையொப்பமிட்ட மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது.

மிளகும் துணியும் டேனியர் வாணிகத்தின் உயிர். அவற்றோடு அடிமைகளை வாங்கி விற்கும் வழக்கமும் அவ்வூரில் இருந்தது. கோட்டையின் கீழறைகளில் உலவும்போது இதை மறந்துவிட முடியவில்லை. இப்போது கோட்டையைத் தமிழ்நாடு தொல்லியல் துறை காத்து வருகின்றது. மேல்தளத்தில் சிறிய அருங்காட்சியகம். பீங்கான் துண்டுகள், பழைய வாட்கள், ஓலைகள், நாணயங்கள் முதலியன உள்ளன. பிள்ளைகளோடு வந்தவர்கள் எல்லாரும் பீரங்கியின் மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்கின்றனர். பீரங்கிக்கு அப்படி ஒரு கவர்ச்சி.

1845இல் டேனியர் இவ்வூரையும் வங்காளத்திலுள்ள செராம்பூரையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றனர். இரண்டுக்கும் சேர்த்து விலை பன்னிரண்டரை இலட்சம் ரூபாய். அதன்பின் கப்பல் வாணிகம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1861இல் இருப்புப்பாதையும் அங்கேதான் வந்தது. தரங்கம்பாடிக்கு ஒரு கிளைப்பாதை 1926இல்தான் மாயவரத்திலிருந்து போடப்பட்டது. அதையும் 1986இல் மூடிவிட்டனர். ஊர் வளரவில்லை, ஆகவே பழையதை இடிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. வறுமை சில வேளை நல்ல காவற்காரன்.

நம் ஜொகூரிலும் இப்படி ஓர் ஊர் உண்டு. ஜொகூர் ஆற்றங்கரையிலுள்ள ஜொகூர் லாமா ஒரு காலத்தில் சுல்தான்களின் தலைநகர். 1587இல் போர்த்துக்கீசியர் அதை அழித்தனர். இன்று அங்கே எஞ்சியிருப்பது மண்மேடான கோட்டைக் கரையே. அங்கு மாணவரை அழைத்துச் சென்றால், 'சார், எங்கே கோட்டை?' என்று கேட்பார்கள். தரங்கம்பாடியில் அக்கேள்விக்கு இடமில்லை.

மணலில் எழுதிய ஐரோப்பியர்

இனி நான் காண விரும்பிய செய்திக்கு வருகின்றேன். 1706 ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஐன்ரிக் புளுட்சோ என்னும் இரு ஜெர்மானியர் இக்கரையில் வந்து இறங்கினர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு அவர்களைச் சமயப் பணிக்காக அனுப்பியிருந்தார். சீகன்பால்குக்கு வயது இருபத்து நான்கு. அவர் இறங்கிய இடத்தில் கடற்கரையோரமாய் நினைவுக் கல் நிற்கின்றது. அவர் செய்த சமயப் பணியை எடை போடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் எவ்வாறு தமிழ் கற்றார் என்பதே ஆசிரியனாகிய எனக்கு முக்கியம்.

கோட்டை அதிகாரிகளுக்கு இவ்விருவரின் வரவு பிடிக்கவில்லை. கடைத்தெருவில் புழங்கிய போர்த்துக்கீசியம் போதும் என்று ஐரோப்பியர் பலர் எண்ணியிருந்தனர். சீகன்பால்கு அதை ஏற்கவில்லை. ஊரில் திண்ணைப் பள்ளி நடத்திவந்த ஒரு முதியவரை அணுகினார். அம்முதியவர் தம் மாணாக்கரையும் அழைத்துக்கொண்டு இவ்வெள்ளையர் தங்கியிருந்த வீட்டுக்கே வந்து பள்ளியை நடத்தலானார். சிறுவர்கள் தரையில் வரிசையாக அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் அகரம் எழுதினர். அவர்களோடு இவ்விருவரும் அமர்ந்து அவ்வாறே எழுதினர். முதியவர் ஓர் எழுத்தை ஒலிக்கப் பிள்ளைகள் கூவ, இவர்களும் கூவினர்.

இக்காட்சியை ஆசிரியர் பயிற்சி பெற்ற எவரும் எளிதிற் கடந்து போக மாட்டார்கள். முதலில் ஒலி, பிறகு விரலின் அசைவு, பிறகு கண் காணும் வடிவம் என மூன்றும் ஒருங்கே சேர்ந்து எழுத்து மனத்தில் பதிகின்றது. பிழை செய்தால் உள்ளங்கையால் ஒரு தடவு. மணல் மீண்டும் வெறுமையாகின்றது. தாளில் அழித்த தழும்பு போலப் பிழையின் சுவடு நிற்பதில்லை. பிள்ளை அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. நான் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் தொட்டுணர்ந்து கற்றல் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். மேலை நாட்டறிஞர் பெயர்கள் பலவற்றை மனப்பாடம் செய்தோம். திண்ணை வாத்தியாரின் மணலைப் பற்றி ஒருவரும் சொன்னாரில்லை.

இம்மணலுக்கு இன்னொரு கதையும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் தலைவராயிருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், திண்ணைப் பள்ளியில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே செய்வித்தார். மூத்த மாணாக்கரைக் கொண்டு இளையோருக்குக் கற்பித்தார். 1797இல் அதைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அஃது சென்னை முறை என்ற பெயரோடு பரவிற்று. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிச் சீமைக்குப் போன கதை இது!

சீகன்பால்குக்கு மணற்பாடத்துக்குப் பின் வேறு துணைகளும் கிடைத்தன. அழகப்பன் என்பவர் டேனியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழோடு போர்த்துக்கீசியம், டேனியம், டச்சு, ஜெர்மன் ஆகியவற்றையும் அறிந்தவர். அவரை அமர்த்திக்கொண்டு நாள்தோறும் பேசிப் பழகினார். ஏடெழுதுவோர் சிலரை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி ஓலைச்சுவடிகளை வாங்கச் செய்தார். கணவரை இழந்த பார்ப்பனப் பெண்டிர் அவற்றைக் குறைந்த விலைக்குத் தந்தனர் என்று அவரே எழுதியுள்ளார். எத்தனை வீட்டு வறுமை அவ்வோலைகளின் பின்னே இருந்ததோ! வந்து இரண்டே ஆண்டில், 1708இல், தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் அதில் விளக்கத்தோடு உள்ளன. தொல்காப்பியமும் திருக்குறளும் அவற்றுள் அடங்கும். உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைவதற்கு ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த செயல் இது.

அதே 1708இல் அவர் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் ஒப்பிக்கும் கொன்றைவேந்தன், மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே ஜெர்மன் பேசியிருக்கின்றது. இவற்றை அவர் தேர்ந்ததற்குக் காரணம் வெளிப்படை. அவை திண்ணைப் பள்ளியின் பாடநூல்கள். மணலில் எழுத்துக் கற்ற பிள்ளை அடுத்து ஓதுவது அவற்றையே.

ஆனால் அவர் எழுத்துக்களைத் தாய்நாட்டார் எப்படி வரவேற்றனர்? தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய பெருநூலை ஹாலே நகரத்துப் பெரியவர்கள் அச்சிடவில்லை. அச்சமயத்தை ஒழிக்கத்தான் உம்மை அனுப்பினோமே அன்றி ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பதே அவர்கள் கருத்து. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. 1711இல் எழுதிய மற்றொரு நூல் 1926 வரை காத்திருந்தது. இங்கோ கோட்டைத் தலைவருடன் மோதல். 1708 நவம்பர் முதல் 1709 மார்ச்சு வரை நான்கு மாதம் அதே டான்ஸ்போர்க் கோட்டையில் அவரைச் சிறை வைத்தனர். எழுதுகோலும் மையும்கூட முதலில் மறுத்தார்கள். இருபுறமும் இடிபட்ட மத்தளம் போன்ற வாழ்வு.

மனிதரை மிகைப்படப் புகழ்வதும் தவறு. மதம் மாற்றவே அவர் வந்தார். தமிழர் வழிபாட்டைக் கடிந்து எழுதிய பக்கங்களும் உண்டு. எனினும் கேட்டு அறியவேண்டும் என்ற வேட்கை அவரை விடவில்லை. 1712 முதல் தமிழர் பலரிடம் கேள்விகள் அனுப்பிக் கடிதங்களாக விடை பெற்றார். அவ்வாறு கிடைத்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் அச்சாயின. அவற்றுட் பெரும்பாலானவை அழகப்பன் எழுதியவை என்று அறிஞர் கருதுகின்றனர். தமிழர் தம் வாழ்வைப் பற்றித் தாமே ஐரோப்பியருக்கு விளக்கிய நூல் இதற்குமுன் இருந்ததாக நான் படித்ததில்லை.

அச்சும் பாலாடைக்கட்டியும்

தமிழின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில் எழுந்தது என்று மேடைகளிற் பேசக் கேட்டிருக்கின்றேன். இது பிழை. தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூல் 1578லேயே கொல்லத்தில் அச்சாயிற்று. அதன்பின் நெடுங்காலம் தடைப்பட்டிருந்த தமிழ் அச்சுக்கலையை மீண்டும் நிலைநிறுத்தியதே தரங்கம்பாடியின் பெருமை.

அச்சுப்பொறி வந்து சேர்ந்த வரலாறே ஒரு புதினம். இலண்டன் சங்கம் ஒன்று அதை அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிரேசில் நாட்டு ரியோ நகருக்கு அருகில் பிடித்துவிட்டனர். விடுபட்டு வரும்போது, பொறியை இயக்க வந்த யோனாஸ் ஃபின்கு என்பவர் நன்னம்பிக்கை முனைப் பக்கத்தில் காய்ச்சலால் மாண்டார். பொறி மட்டும் 1712இல் வந்தது. மறு ஆண்டு ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. அவையோ பெரிய பெரிய எழுத்துக்கள், தாள் போதாது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்க்கத் துணிந்தனர். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கினார்கள். அவ்வெழுத்தைக் கொண்டு 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அதே ஆண்டில் பக்கத்து ஊராகிய பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தனர்.

பொறையாற்றுக்கும் சென்று வந்தேன். காகித ஆலைக்கு இன்று அடையாளமாகக் காண ஒன்றுமில்லை. தமிழின் முதல் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை இப்பகுதியில் முன்சீப்பாகப் பணியாற்றியவர் என்ற நினைவோடு ஒரு தேநீர் அருந்தித் திரும்பினேன்.

ஸ்வீடனும் ஒரு கைச் செடியும்

இவ்வூரை டேனியர் ஊர் என்று சொல்லி நிறுத்தினால் ஸ்வீடன் நாட்டார் வருத்தப்படக்கூடும். செடிகொடிகளுக்கு இரு பெயரிடும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயசின் மாணாக்கராகிய யோகான் கெரார்டு கோனிக்கு 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ்நாட்டுச் செடிகளை உலர்த்தி ஆசிரியருக்கு அனுப்பினார். இங்கிருந்த பாதிரிமார் சிலரும் அவரோடு சேர்ந்து செடி தேடலாயினர். இக்கோனிக்கு 1779இல் நம் மலாக்காவுக்கும் வந்தவர். அப்பயணக் குறிப்பு பின்னர் 1894இல் சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. தரங்கம்பாடியிலிருந்து மலாக்காவுக்குச் செடி தேடி ஒருவர் வந்தார் என்பதை நம் வரலாற்று நூல்கள் சொல்வதில்லை.

வாணிகத்தில் ஸ்வீடனுக்கு இக்கரை வாய்க்கவில்லை. 1731இல் கோதன்பர்க்கில் தொடங்கிய ஸ்வீடியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று 1733இல், கொள்ளிடத்துக்கு வடக்கே வெள்ளாற்று முகத்திலுள்ள பரங்கிப்பேட்டையில் வந்து பண்டகசாலை அமைத்தது. அதே ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், ஒருவரை ஒருவர் கண்டால் பாயும் அவ்விருவரும், ஒன்றுகூடி அதைச் சூறையாடினர். ஸ்வீடியர் அதன்பின் சீனத்துக் காண்டன் துறையையே பெரிதும் நம்பினார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் வேறு உருவில் வந்தனர். 1921 முதல் 1956 வரை தரங்கைப் பேராயர் பதவியில் அடுத்தடுத்து அமர்ந்த மூவரும் ஸ்வீடன் நாட்டார். 1956இல்தான் அப்பதவி இராசா மாணிக்கம் என்னும் தமிழருக்கு வந்தது.

பெயர் இல்லாத வாத்தியார்

பிற்பகலில் அட்மிரல் தெருவுக்குப் போனேன். சீகன்பால்கு வாழ்ந்த வீட்டை இப்போது காட்சியகமாக்கியிருக்கின்றனர். அச்சுப்பொறியின் மாதிரி ஒன்றும் உண்டு. அங்கிருந்து புதிய எருசலேம் ஆலயம் சென்றேன். கல்லறை உள்ளேயே இருக்கின்றது. 1719இல் முப்பத்தாறு வயதில் அவர் இறந்தார். அதற்கு மூன்று ஆண்டு முன் இரண்டு செயல்கள் நடந்தன. 1716இல் ஹாலேயில் இலத்தீனில் அவருடைய தமிழ் இலக்கணம் வெளிவந்தது. அப்பணியில் அவரோடு ஐரோப்பா சென்ற மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடனிருந்தார். அதே ஆண்டில் தரங்கம்பாடியில் தமிழ் ஆசிரியரைப் பயிற்றுவிக்கும் பள்ளியும் தொடங்கிற்று. பயிற்சிக் கல்லூரியில் படித்த நான், என் தொழிலின் முன்னோர் வீட்டு முற்றத்தில் நிற்பது போல் உணர்ந்தேன்.

சீகன்பால்குக்குச் சிலை உண்டு, நினைவுக்கல் உண்டு, கல்லறை உண்டு. மன்னருக்கு முத்திரை உண்டு. ஆளுநருக்கு மாளிகை உண்டு. பிள்ளைகளோடு புறப்பட்டு வந்து அந்நியருக்கு அகரம் கற்பித்த அந்த முதியவருக்கு ஒன்றும் உண்டா என்று தெருத் தெருவாய்ப் பார்த்தேன். பலகை ஒன்றும் என் கண்ணிற் படவில்லை. வெயிலில் உடன் நடந்த ஆட்டோக்காரத் தம்பி, 'யாரைத் தேடுறீங்க ஐயா?' என்று கேட்டார். 'ஒரு வாத்தியாரை' என்றேன். 'எந்த ஸ்கூல் ஐயா?' என்றார். அதற்கு நான் விடை சொல்லத் தெரியாமல் நின்றேன். திண்ணையில் இருந்தது அப்பள்ளி. பிறகு ஒரு வெள்ளையர் வீட்டுக்குப் போயிற்று. வாத்தியாரும் பிள்ளைகளும் இருந்த இடத்தில் அது இருந்தது.

இரவு திருக்கடையூர் விடுதியில் தமையனாரிடம் இதைச் சொன்னேன். அவர் தோட்டத்தில் பிறந்து, அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். பள்ளியை இடம் மாற்றக்கூடாது என்று வாரியத்தில் வாதிடுவோருள் மூத்தவரும் அவரே. நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, 'அந்தக் கிழவர் திண்ணையை விட்டுப் போனப்போ, அந்தத் தெருக்காரங்க என்ன சொன்னாங்கன்னு எங்காச்சும் எழுதியிருக்கா?' என்று கேட்டார். எழுதியிருப்பதாக நான் எங்கும் படிக்கவில்லை என்றேன். 'அதை முதல்ல தேடு' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணனின் கேள்வியில் நியாயம் இருக்கின்றது. பள்ளி பெயரும்போது பெயராமல் தங்கிவிடும் சிலர் எப்போதும் உண்டு. எங்கள் தோட்டத்தில் இன்னும் ஒன்பது குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் பேருந்து இல்லை, காரும் இல்லை. பெயர்ந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு வண்டி யார் தருவது என்பது முடிவாகும் வரை கையொப்பம் இடுவதில்லை என்று அவ்விரவு உறுதி செய்துகொண்டேன்.

பயணம் செய்ய விரும்பும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். திருச்சியிலிருந்து தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகக் காரில் வரலாம். மயிலாடுதுறையிலிருந்து பேருந்துகளும் உண்டு. திருக்கடையூர் வருவோர் ஒரு நாளை இதற்கென ஒதுக்குக. கோட்டைக்குக் காலையிலேயே செல்க. நண்பகலில் கல் கொதிக்கும். கோட்டையைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் அட்மிரல் தெருவிலும் சற்று நிற்க.

பள்ளிக்குத் திரும்பிய வாரத்தில் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொன்னேன். கேட்டு முடித்த முதலாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி, 'சார், நாங்களும் மணல்ல எழுதலாமா?' என்றாள். எங்கள் திடலில் செம்மண்தான் உண்டு. ஆனால் நீளந்தாண்டும் குழியில் நல்ல ஆற்று மணல் கொட்டி வைத்திருந்தோம். இருபத்தொரு பேரும் அதைச் சுற்றி அமர்ந்தனர். ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாகி எழுத்துக்களை உரக்கச் சொன்னான். ஈகாரம் வரை வந்தோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.